பெங்களூரில் இருக்கிறோம். 7 வயது மகளைப் பாறையேற்றத்துக்கு (ராக் கிளைம்பிங்) வெளியே உள்ள இயற்கைப் பாறையில் ஏற்றலாமா?

தாராளமாக ஏற்றலாம். பெங்களூரிலிருந்து சுமார் 50 கி.மீ. தள்ளி ராமநகரத்தில் கருங்கல் பாறைகள் இருக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் காலை நேரம் தோது. வெயில் ஏறினால் பாறை சுடும். மலைத்தேனீக் கூடு கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இடுப்பில் மட்டும் மாட்டும் ஹார்னஸ் (உடலைக் கயிற்றோடு பிணைக்கும் பட்டை) இந்த வயதுக்குச் சரிவராது. இடுப்பு இன்னும் அகலமாகாததால், தலைகீழாகக் கவிழ்ந்தால் பிள்ளை நழுவிவிடலாம். தோளையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும். உச்சிக்கொண்டை போட்டால் அது சரியாக உட்காராது, தாழப் பின்னிவிடுங்கள்.

கயிறு மேலிருந்து வரும் டாப் ரோப் முறை மட்டும் போதும். அதைக் கட்டவும், கீழே நின்று பிடிக்கவும் பயிற்சி பெற்றவர் வேண்டும். யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது.

ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் பிள்ளைகள் அழுவார்கள். பாறையைக் கட்டிக்கொண்டு கையை விடவே மாட்டார்கள். அதனால் முதலில் நாலைந்து அடி உயரத்திலேயே நிறுத்தி, காலை அகட்டிப் பாறையில் ஊன்றி, ஊஞ்சலில் சாய்வதுபோல் பின்னால் சாயச் சொல்லி இறக்குங்கள். நாலு முறை செய்தால் பயம் விட்டுப்போகும். 'போதும்' என்று சொன்னால் உடனே இறக்கிவிடுங்கள். 'இன்னும் ஒரே ஒரு அடி' என்று கீழிருந்து கத்துகிற அப்பாக்கள்தான் அங்கே பெரிய தொல்லை!