கட்டி ஆபரேஷன், பயோபேங்க் ஃபார்ம், நடுவுல ஒரு ஏஜென்ட்: அம்மாவோட சாம்பிளை யார்கிட்ட குடுக்கிறது?

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கத்துல இருக்கிற ஃபீனிக்ஸ்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. அம்மாவுக்கு மார்புல கட்டி, ஊசி பயாப்ஸில கேன்சர்னு வந்துடுச்சு, ரிப்போர்ட்ல ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை பிடிக்கிற புரதம்) பாசிட்டிவ், ஹெர்-டூ 2+ னு போட்டிருக்கு, ஆபரேஷனுக்கு தேதியும் குடுத்தாச்சு. ஆஸ்பத்திரில ஒரு ஃபார்ம் குடுத்து, மிச்சமாகிற திசுவை ஆராய்ச்சிக்காக பயோபேங்க்ல வச்சுக்கலாமான்னு கேட்டிருக்காங்க. இதுக்கு நடுவுல கோயில் பழக்கத்துல ஒருத்தர் ஒரு ஏஜென்டை கூட்டிட்டு வந்திருக்கார், அந்த ஆள் "ஆஸ்பத்திரில மெழுகுல போட்டு வைக்கிறது செத்த சாம்பிள், எங்ககிட்ட குடுத்தா கட்டியை உயிரோட ஃப்ரீஸ் பண்ணி வெளிநாட்டுல வச்சிருப்போம், நாளைக்கு உங்க அம்மாவுக்குன்னே தனி மருந்து செய்யலாம்"னு சொல்லி முப்பத்தஞ்சாயிரம் ராண்ட் கேக்கிறாராம், அதுக்கு மேல வருஷா வருஷம் தனி கட்டணம். தங்கச்சியோட கேள்வி: ஃபார்ம்ல கையெழுத்து போட்டா அம்மாவோட வைத்தியம் பாதிக்குமா, ஃப்ரீஸ் பண்ணாத்தான் சாம்பிள் நல்லா இருக்குமா, ஏஜென்டுக்கு காசு கட்டலாமா, பயோபேங்க்ல என்ன கண்டுபிடிச்சாலும் நமக்கு சொல்வாங்களா.

நேரா சொல்லிடறேன். கையெழுத்து போட்டாலும் போடலைன்னாலும் அம்மாவோட வைத்தியத்துல ஒரு வித்தியாசமும் வராது, வரவும் கூடாது. ஏஜென்டுக்கு ஒரு சென்ட் கூட குடுக்காதீங்க. நீங்க கவலைப்பட வேண்டியது ஃபார்மைப் பத்தி இல்ல, கட்டியை உடம்புல இருந்து எடுத்ததுக்கு அப்புறம் வர்ற முதல் ஒரு மணி நேரத்தைப் பத்தி. அதைப் பத்தி உங்ககிட்ட யாரும் பேசியிருக்க மாட்டாங்க, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

செல்லுக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொன்னாத்தான் ஏஜென்ட் சொல்ற கதை எவ்வளவு ஓட்டைன்னு புரியும். ஹெர்-டூங்கிறது செல்லோட மேல்பரப்புல இருக்கிற ஒரு புரதம். அது "வளரு, பெருகு"ன்னு உள்ள சேதி அனுப்பும். அந்த சேதி எப்படி போகுதுன்னா ஒரு புரதம் இன்னொரு புரதத்து மேல பாஸ்பேட்னு ஒரு சின்ன அடையாளத்தை ஒட்டும், அது அடுத்ததுல ஒட்டும், இப்படியே உட்கரு வரைக்கும் போகும். ஒட்டுறதுக்கு ஒரு கூட்டம் என்சைம் இருக்கு, அதை பிய்ச்சு எடுக்க இன்னொரு கூட்டம் இருக்கு, ரெண்டும் எந்நேரமும் வேலை செய்யும். இதை கண்டுபிடிச்ச எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் ரெண்டு பேருக்கும் 1992ல நோபல் குடுத்தாங்க. இப்ப சர்ஜன் ரத்தக்குழாயை கட்டினவுடனே கட்டிக்கு ஆக்சிஜன் நின்னுபோகுது, ஆனா செல் உடனே சாகறதில்ல, அது தவிக்குது. தவிக்கிறப்ப சில அடையாளம் மறைஞ்சுபோகும், ஆபத்துக்காலத்து சேதிகள் புதுசா கிளம்பும். 2014ல அமெரிக்காவுல மார்பு, சினைப்பை கட்டிகளை வச்சு பண்ணின ஒரு ஆய்வுல, ஒரு மணி நேரம் வெளிய கிடந்தாலும் மொத்த புரத அளவு பெருசா மாறல, ஆனா இந்த பாஸ்பேட் அடையாளங்கள் அஞ்சு நிமிஷத்துலயே மாற ஆரம்பிச்சுதுன்னு பார்த்தாங்க.

இதுல இருந்து ரெண்டு விஷயம் வருது. ஒண்ணு, சாம்பிள் நல்ல சாம்பிளா இல்லையான்னு முடிவு பண்றது ஃப்ரீசர் கிடையாது, ஃப்ரீசருக்கு போறதுக்கு முன்னாடி அது எவ்வளவு நேரம் சும்மா கிடந்ததுங்கிறதுதான். திரிஞ்ச பாலை ஃப்ரிட்ஜ்ல வச்சா நல்ல பாலா ஆகுமா? ஒரு மணி நேரம் டிரேல கிடந்த கட்டியை மைனஸ் 196 டிகிரி லிக்விட் நைட்ரஜன்ல போட்டாலும், நீங்க பத்திரமா வச்சிருக்கிறது அம்மாவோட நோயை இல்ல, எடுத்ததுக்கப்புறம் அந்த திசு பட்ட பாட்டை. ரெண்டு, உங்க அம்மாவோட வைத்தியத்தை முடிவு பண்ற ஈஆர், ஹெர்-டூ டெஸ்ட் ரெண்டும் இந்த பாஸ்பேட் அடையாளத்தை பார்க்கிறதே இல்ல. அந்த புரதம் எவ்வளவு இருக்கு, அந்த ஜீன் எத்தனை காப்பி இருக்குன்னுதான் பார்க்குது. அதுக்கு சரியான சாம்பிள், திசு கெடாம காக்கிற ஃபார்மலின் திரவத்துல ஊறவச்சு மெழுகுல பதிச்ச பிளாக்தான், உலகம் முழுக்க அந்த டெஸ்டுகளை சரிபார்த்து வச்சிருக்கிறதே அப்படிப்பட்ட பிளாக்கை வச்சுத்தான், அது கரண்ட் இல்லாம அலமாரியில வருஷக்கணக்கா இருக்கும். "செத்த சாம்பிள்"னு அந்த ஆள் சொன்னதுக்கு எனக்கு வர்ற கோபத்துக்கு அளவே இல்ல, ஏன்னா உங்க அம்மாவுக்கு இப்ப உபயோகப்படப் போற ஒரே சாம்பிள் அதுதான்.

ஆனா அந்த பிளாக்கும் ஒழுங்கா செஞ்சாத்தான் ஒழுங்கா இருக்கும். விதிமுறை என்ன சொல்லுதுன்னா எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள 10 சதவீத ஃபார்மலின்ல போடணும், குறைஞ்சது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊறணும். ஃபார்மலின் திசுவுக்குள்ள மணிக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும், அதனால பெரிய கட்டின்னா நடுவுல கீறி விடணும், திசுவோட அளவுக்கு பத்து மடங்கு ஃபார்மலின் இருக்கணும். நடக்கிறது என்ன? முழு மார்பையும் ஒரு சின்ன டப்பாவுல திணிச்சு மூடறாங்க, மேல மட்டும் ஃபார்மலின், நடுவுல கட்டி அப்படியே கெட்டுப்போகுது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபரேஷன், தூக்கிட்டு போக ஆள் இல்ல, லேப் இன்னொரு ஊர்ல, கூரியரோட பக்கி (பிக்கப் வண்டி) போயாச்சு, இனி திங்கள்கிழமைதான். டர்பன்ல ஜனவரி வெயில் எப்படின்னு உங்களுக்கு தெரியும். லோட் ஷெடிங் (முறை வச்சு கரண்ட் நிறுத்தறது) உச்சத்துல இருந்தப்ப ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கான்னு பார்க்கிறதே எங்களுக்கு பாதி வேலை, 2022 ஏப்ரல் வெள்ளத்துல இந்த மாகாணத்துல தண்ணி, கரண்ட், ரோடு மூணும் போச்சு. அதெல்லாம் நம்ம கைல இல்லைன்னு வச்சுக்கலாம். ஆனா லேப் ஃபார்ம்ல "எடுத்த நேரம்", "ஃபார்மலின்ல போட்ட நேரம்"னு ரெண்டு கட்டம் எழுத வேண்டியது, அது காலியாவே வருதே, அதுக்கு என்ன சாக்கு? ரெண்டு நம்பர் எழுதறதுக்கு காசா பணமா? நான் வேலை பார்த்த ஒரு இடத்துல இதுக்காக கூட்டம் போட்டோம், சுவர்ல நோட்டீஸ் ஒட்டினோம், ஆள் மாறினவுடனே மறுபடி காலி கட்டம். அந்த நேரம் தெரியலைன்னா, ஹெர்-டூ நெகட்டிவ்னு வந்தா அது நிஜமாவே நெகட்டிவா, இல்ல சாம்பிள் கெட்டதால வந்த நெகட்டிவான்னு என்னால சொல்லவே முடியாது. பாசிட்டிவ்னு வந்தா கிடைக்க வேண்டிய மருந்து ட்ராஸ்டுசுமாப். அது விலை தாங்க முடியாம கிடைக்காமலே 2016 நவம்பர்ல இறந்துபோன டொபேகா டாகி இந்த நாட்டுப் பொம்பளைதான், அந்த மருந்துக்காக கடைசி வரைக்கும் போராடினவங்க. விலைக்கு சண்டை போட்டு ஜெயிச்சாலும் டெஸ்ட் தப்பா வந்தா மருந்து கைக்கு வராதே.

அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி சர்ஜனை பார்க்கிறப்ப மரியாதையா, ஆனா தயங்காம கேளுங்க: எடுத்தவுடனே எவ்வளவு நேரத்துல ஃபார்மலின்ல போகும், ரெண்டு நேரத்தையும் ஃபார்ம்ல எழுதுவீங்களா, லேப் இதே கட்டடத்துல இருக்கா. கேட்டா கோவிச்சுக்குவாங்கன்னு நினைக்காதீங்க, நல்ல சர்ஜனுக்கு இப்படி கேக்கிற குடும்பம் பிடிக்கும். வாரத்துல முதல் பாதியில தேதி கிடைச்சா நல்லது. ஆனா அதுக்காக ஆபரேஷனை தள்ளிப்போடாதீங்க, நீண்ட வீக்எண்டா இருந்தாலும் பரவாயில்ல, கூட கொஞ்சம் ஊறினாலும் சமாளிக்கலாம், ஊறாம கிடந்தாத்தான் வழியே இல்ல.

இப்ப ஒரு முக்கியமான விதிவிலக்கு, இதை ரெண்டு தடவை படிங்க. அம்மாவோட ரிப்போர்ட்ல ஹெர்-டூ 2+ னு இருக்கு. அது ரெண்டுங்கெட்டான் நிலை, பாசிட்டிவும் இல்ல நெகட்டிவும் இல்ல, அந்த ஊசி பயாப்ஸி பிளாக்குலயே ஜீன் எண்ணிக்கை பார்க்கிற டெஸ்ட் ஒண்ணு பண்ணணும். அது வந்துடுச்சான்னு முதல்ல கேளுங்க. ஏன்னா அது பாசிட்டிவ்னு வந்தா, கட்டியோட அளவைப் பொறுத்து, ஆபரேஷனுக்கு முன்னாடியே கீமோ குடுக்கலாம்னு டாக்டர்கள் முடிவு பண்ணலாம். அப்படி கீமோ முதல்ல வந்தா கணக்கே மாறிடும். கீமோல கட்டி சுருங்கலாம், சில பேருக்கு முழுசாவே கரைஞ்சு போயிடும், அது சந்தோஷமான விஷயம், ஆனா அப்ப ஆபரேஷன்ல எடுக்கிறதுல டெஸ்ட் பண்ண கேன்சரே இருக்காது. உங்க அம்மாவோட நோய்க்கு சாட்சியா மிஞ்சறது அந்த நூல் மாதிரி மெலிசான ஊசி பயாப்ஸி மட்டும்தான். அந்த நிலைமையில ஆராய்ச்சிக்கோ, இன்னொரு டெஸ்டுக்கோ, ரெண்டாவது கருத்துக்கோ அந்த பிளாக்கை சீவி சீவி தீர்த்துட விடக்கூடாது. பயோபேங்க் ஃபார்ம்ல "மிச்சமாகிற திசு"ன்னு போட்டிருக்கே, அது ஆபரேஷன் திசுவா பயாப்ஸி திசுவான்னு கேளுங்க, பயாப்ஸியும் சேர்த்துன்னா "நோய் கண்டறிய தேவையானது முழுசா முடிஞ்சப்புறம் மட்டும்"னு எழுதி வாங்கிக்குங்க. கீமோ முதல்ல இல்லைன்னா இந்த கவலை வேண்டாம். ஊசி பயாப்ஸி எடுத்தவுடனே நேரா ஃபார்மலின்ல போறதால அதோட தரம் பெரும்பாலும் ஆபரேஷன் சாம்பிளை விட நல்லாவே இருக்கும்ங்கிறதையும் மனசுல வச்சுக்குங்க, யாராவது "அது சின்ன சாம்பிள், நம்ப முடியாது"ன்னு சொன்னா.

ஏஜென்ட் விஷயத்துக்கு வர்றேன். இந்த ஆட்கள் எங்க மோப்பம் பிடிக்கிறாங்கன்னு தெரியல, கல்யாணத்துல, கோயில் அன்னதானத்துல, சாவு வீட்டுல கூட கார்டு நீட்டறாங்க, கேன்சர்னு கேட்டு கை கால் நடுங்கிட்டு இருக்கிற குடும்பத்துகிட்ட "இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது"ன்னு அவசரப்படுத்தறதுதான் இவங்க தொழில். செல்லை உயிரோட ஃப்ரீஸ் பண்ணணும்னா நிமிஷத்துக்கு ஒரு டிகிரி மாதிரி மெதுவா குளிர வைக்கணும், செல் உள்ள ஐஸ் கட்டாம இருக்க தனி திரவம் சேர்க்கணும், லேப்ல ஆள் தயாரா நிக்கணும். கூல் பாக்ஸ்ல போட்டு பக்கில கொண்டுபோனா உயிரோட எதுவும் மிஞ்சாது. அதை விட மோசம், அவங்களுக்கு ஒரு துண்டு குடுக்கணும்னா தியேட்டர்லயே யாராவது கட்டியை வெட்டணும். பாதாலஜி டாக்டர் பார்க்கிறதுக்கு முன்னாடி கட்டியை வெட்டினா, ஓரத்துல கேன்சர் இருக்கா இல்லையான்னு பார்க்கிற மார்ஜின் கெட்டுப்போகும், அப்புறம் அம்மாவுக்கு இன்னொரு ஆபரேஷன் தேவையா இல்லையான்னே தெரியாம போயிடும். ஒழுங்கான பயோபேங்க் எப்பவும் பாதாலஜி டாக்டர் தனக்கு வேண்டியதை எடுத்துட்டு மிச்சம் குடுக்கிற வரைக்கும் பக்கத்துல காத்துக்கிட்டு நிக்கும், வெட்டாது.

சட்டமும் இருக்கு. தென்னாப்பிரிக்காவோட 2003 நேஷனல் ஹெல்த் ஆக்ட், 60வது பிரிவு, மனுஷ திசுவை வித்து வாங்கி வியாபாரம் பண்றதை குற்றம்னு சொல்லுது. திசுவை நாட்டுக்கு வெளிய அனுப்ப சுகாதாரத் துறையோட பர்மிட் வேணும். ஆராய்ச்சிக்கு அனுப்பறதுக்கு 2018 ஜூலைல அரசாங்க கெஜட்ல வந்த ஒப்பந்தப் படிவம் இருக்கு, அதுல எதிக்ஸ் கமிட்டியும் (ஆராய்ச்சி நெறிமுறையை பார்க்கிற குழு) ஒரு தரப்பு. அந்த ஏஜென்ட்கிட்ட பர்மிட் நம்பரும் எதிக்ஸ் கமிட்டி அனுமதி நம்பரும் கேளுங்க, போன் எடுக்கறதையே நிறுத்திடுவார். ஐடி நம்பர், மெடிக்கல் எய்ட் (மருத்துவ காப்பீடு) நம்பர், ரிப்போர்ட் போட்டோ எதையும் வாட்ஸப்ல அனுப்பாதீங்க, ஏற்கனவே அனுப்பியிருந்தா அழிக்கச் சொல்லி எழுத்துல கேளுங்க, தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் உங்களுக்கு அந்த உரிமையை குடுக்குது.

ஆஸ்பத்திரி குடுத்த ஃபார்ம்ல பார்க்க வேண்டியது: எதிக்ஸ் கமிட்டி பேரு இருக்கா, சாம்பிள் எங்க இருக்கும், வெளிநாட்டுக்கு போகுமா, பின்னாடி மனசு மாறினா விலகிக்கலாமா. விலகலாம், காரணம் சொல்ல வேண்டாம், ஏற்கனவே ஆய்வுல செலவானதை மட்டும் திருப்ப முடியாது. உங்ககிட்ட காசு கேட்கவும் மாட்டாங்க, குடுக்கவும் மாட்டாங்க. கையெழுத்து அம்மாதான் போடணும், நீங்க இல்ல, அம்மாவுக்கு இங்கிலீஷ்ல புரியலைன்னா தமிழ்ல உக்காந்து சொல்லுங்க, அவசரமே இல்ல. என் சொந்த விருப்பம் கேட்டா போடச் சொல்வேன், ஏன்னா நம்ம ஆட்களோட திசு ஆராய்ச்சியில ரொம்ப கம்மியா இருக்கு, ஐரோப்பாக்காரங்களை வச்சு எழுதின புத்தகத்தை வச்சுத்தான் நாங்க டர்பன் பக்கத்து சாட்ஸ்வர்த்ல இருக்கிற இந்திய வம்சாவளிப் பொம்பளைக்கும் க்வாமாஷுல இருக்கிற ஜூலு பொம்பளைக்கும் வைத்தியம் பார்க்கிறோம். ஆனா அது அம்மாவோட முடிவு.

கடைசியா, கண்டுபிடிச்சா சொல்வாங்களான்னு கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க. ஆராய்ச்சி லேப்ல பார்க்கிறது வைத்தியத்துக்கான டெஸ்ட் இல்ல, பேரையும் எடுத்துட்டு கோட் நம்பர் மட்டும்தான் இருக்கும், ரிசல்ட் வர வருஷங்கள் ஆகலாம். சில ஃபார்ம்ல மட்டும் "குடும்பத்துக்கு முக்கியமான ஏதாவது தெரிஞ்சா மறுபடி தொடர்பு கொள்ளலாமா"ன்னு ஒரு கட்டம் இருக்கும். பரம்பரையா வந்து மார்பு, சினைப்பை கேன்சர் ஆபத்தை கூட்டற பிராகா (BRCA) ஜீன் கோளாறு மாதிரி ஏதாவது தெரிஞ்சா உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் அது தேவைப்படும், அதனால அம்மா ஒத்துக்கிட்டா அதுல டிக் பண்ணச் சொல்லுங்க, அம்மாவோட நம்பரோட உங்க நம்பரையும் சேர்த்து எழுதிடுங்க, நம்பர் மாத்தினா பயோபேங்குக்கு ஒரு போன் பண்ணி சொல்லிடுங்க.