பாரிஸிலிருந்து லண்டன்: விமானமா, ரயிலா?

கேள்வி: பாரிஸில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். அடுத்த மாதம் லண்டனில் சொந்தக்காரர் கல்யாணம். இரண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம்? டிக்கெட்டில் போக 20 நிமிடம், திரும்ப இரண்டு மணிக்கு மேல் என்பதுபோல் இருக்கிறதே? எங்கள் இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட்தான்.

பதில்: வான்வழியில் சுமார் 345 கிலோமீட்டர். பயண நேரம் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை. அதிலும் வானில் பறப்பது ஒரு மணிக்கும் குறைவுதான். மீதி நேரம் ஓடுபாதையில் போய்விடும்.

உங்களைக் குழப்பியது கடிகாரம். வருடம் முழுக்க லண்டன் நேரம் பாரிஸைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். காலை 10.00 மணிக்குக் கிளம்பி 10.20-க்கு இறங்குவதாக இருந்தால், பயணம் 1 மணி 20 நிமிடம். திரும்பும்போது 10.00-க்குக் கிளம்பினால் 12.20 என்று காட்டும். அதுவும் அதே 1 மணி 20 நிமிடம்தான்.

ஆனால் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். சார்ல் து கோல் விமான நிலையம் ஊருக்கு வெளியே 25 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். இறங்கியதும் குடியேற்ற வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு, லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர இன்னொரு ரயில். எப்படியும் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று லூட்டன் விமான நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து லண்டன் நடுப்பகுதிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

உங்களுக்கு நான் சொல்வது யூரோஸ்டார் ரயில். லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கார் து நோர் நிலையத்தில் ஏறினால், சுமார் 2 மணி 20 நிமிடத்தில் லண்டன் செயின்ட் பாங்கரஸ். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பிரெஞ்சு அதிகாரிகளும் பிரிட்டிஷ் அதிகாரிகளும் பாரிஸிலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவதால், லண்டனில் இறங்கி நேரே வெளியே நடக்கலாம். ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு கைப்பை கொண்டுபோகலாம். பல விமான நிலையங்களில் கைப்பைத் திரவங்களுக்கு இருக்கும் 100 மில்லி கட்டுப்பாடு இதில் இல்லை. தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும் என்பதால் சீக்கிரம் பதிவு செய்வது நல்லது.

அதற்கு முன் விசாவைப் பாருங்கள். பிரான்ஸ் வர எடுத்த ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது. தனி விசா வேண்டும். அதற்கு வழக்கமாக மூன்று வாரம் பிடிக்கும் என்பதால், இன்னும் எடுக்கவில்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது திரும்பி வருவதைத்தான். உங்கள் ஷெங்கன் விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தில் 01 என்று இருந்தால், லண்டனுக்குப் போன பிறகு அதே விசாவில் மறுபடி பாரிஸ் வர முடியாது. 02 அல்லது ‘மல்ட்’ (பல முறை நுழையலாம்) என்று இருந்து, விசாவின் காலமும் மீதமிருந்தால் கவலையில்லை. 01 என்றால், மகள் வீட்டில் இருக்க வேண்டிய நாட்களை முதலில் முடித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு லண்டனிலிருந்தே இந்தியாவுக்குப் போகும்படி உங்கள் ஊர் திரும்பும் டிக்கெட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.