அமெரிக்காவில் விளைநிலப் பாதுகாப்பு மானியம்: எந்தப் பண்ணைக்கு முன்னுரிமை?

மண் நன்றாக இருந்தாலே மானியம் கிடைத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது. இந்த மானியத்தில் நிலம் உழவரிடமே இருக்கும்; அதில் வீடு, கடை என்று கட்டிப் பெருக்கும் உரிமையைத்தான் உள்ளூர் அரசோ நில அறக்கட்டளையோ விலைக்கு வாங்குகிறது. 2014 வேளாண் சட்டம் கொண்டுவந்த திட்டத்தில், அந்த உரிமையின் மதிப்பில் பொதுவாக 50% வரை மத்திய அரசு தரும்.

எந்தப் பண்ணைக்கு முன்னுரிமை என்று மதிப்பெண் போடும்போது முதல் தர மண்ணின் அளவைப் பார்ப்பார்கள். அப்புறம் அந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) விளைநிலம் எவ்வளவு குறைந்திருக்கிறது, மக்கள்தொகை எப்படிப் பெருகுகிறது, பக்கத்தில் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட நிலம் உண்டா என்பதும் சேரும். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சுற்றிலும் குடியிருப்புகள் வந்துவிட்டால், காப்பாற்றிய ஒற்றைப் பண்ணையில் டிராக்டர் ஓட்டுவதே சிரமம். அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் திட்டம் இருந்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு.