காரின் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது?

டைமிங் பெல்ட் என்பது இன்ஜினில் பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட்டையும் இணைக்கும், பல் வைத்த ரப்பர் பட்டை. முன்னது இரண்டு சுற்று சுற்றினால் பின்னது சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஸ்கிப்பிங் ஆடும்போது கயிறு வரும் கணத்தில் கால் தரையில் இருந்தால் சிக்கிக்கொள்ளும் அல்லவா? அதுபோல, பெல்ட் அறுந்தால் இந்த ஒத்திசைவு குலைந்து, பல இன்ஜின்களில் மேலேறும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதி அதை வளைத்துவிடும். பெல்ட் மலிவுதான், அதன்பின் வரும் இன்ஜின் வேலை மலிவல்ல.

எப்போது என்பதற்கு உங்கள் காரின் கையேடுதான் விடை. பல கார்களுக்கு ஏறத்தாழ 1,00,000 கி.மீ. என்ற கணக்கு, சிலவற்றுக்கு இன்னும் கூடுதல். கூடவே ஆண்டுக் கெடுவும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் மூப்படையும், ஆகவே குறைவாக ஓட்டுகிறவர்கள் ஆண்டைத்தான் பார்க்க வேண்டும். ஆயில் கசிந்து பெல்ட்டை நனைத்திருந்தால் கெடுவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரையும், இதே பெல்ட்டில் ஓடுவதானால் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றிவிடுவது என் பரிந்துரை. பிரிக்கிற வேலை ஒன்றுதான். (பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின் உள்ள கார்களுக்கு இந்தக் கெடு பொருந்தாது.)

தேய்ந்தால் சத்தம் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல்தான் இது அறுகிறது.