குடை, ரப்பர் பூட்ஸ், துவரம்பருப்பு

தம்பி, டிசம்பரில் குடும்பத்தோடு ஜப்பானின் கனசாவா நகரத்துக்கு வருகிறீர்கள், அதுவும் சைவம், "சமாளிக்க முடியுமா அண்ணா, சுற்றிப் பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டிருந்தீர்கள். பன்னிரண்டு வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வானம். "கட்டுச்சோற்றை மறந்தாலும் குடையை மறக்காதே" என்பது இந்தப் பக்கத்துப் பழமொழி. குளிர்காலத்தில் வெயில் முகம் காட்டாது, துணி வீட்டுக்குள்தான் காயவேண்டும். பனிக்கு முன்னால் இடி இடிக்கும். முதல் வருஷம் பதறிப்போனேன். பக்கத்து வீட்டுப் பாட்டியோ சிரித்தார். அதற்குப் பேரே 'புரி ஒகோஷி', புரி மீனை எழுப்பும் இடி. இனி ஓமிச்சோ சந்தையில் கொழுத்த புரி வந்திறங்கும் என்று அர்த்தம். பனி உருக, சாலை நடுவிலிருந்தே நிலத்தடி நீரைப் பீய்ச்சுவார்கள். ரப்பர் பூட்ஸ் இல்லாவிட்டால் கால் தெப்பல்தான்.

இங்கத்துப் பனி ஈரமும் கனமுமாக இருக்கும், கிளையை முறித்துவிடும். அதனால் கென்ரோகுஎன் தோட்டத்தில் நவம்பர் 1 முதல் பைன் மரங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்குவார்கள். கம்பு உச்சியிலிருந்து குடைக்கம்பி மாதிரி இறங்கும் அந்தக் கயிறுகளைப் பனி விழுந்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். தங்கத்தாள் ஒட்டிய ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நிற்காதீர்கள், தங்கத்துக்கு ருசி கிடையாது.

கனசாவாவுக்கு வடக்கே இருக்கும் நோட்டோ தீபகற்பத்துக்கும் போங்கள். 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் அங்குள்ள வாஜிமா ஊரின் காலைச் சந்தை எரிந்துபோனது; ஷிரோயோனேயில் கடலைப் பார்த்துப் படிப்படியாக இறங்கும் 1,004 நெல்வயல் பாத்திகளில் பெரும்பாலானவை விரிசல் விட்டன. அங்கே போய் வாங்கும் ஒரு பொட்டலம் கடல் உப்பும் அவர்களுக்கு உதவிதான்.

சாப்பாட்டில் ஒளிக்க ஒன்றுமில்லை. சைவம்போலத் தெரியும் சூப்பிலும் 'தாஷி' என்கிற சூரைக் கருவாட்டுச் சாறு இருக்கும், அந்தக் கருவாடு நம் மாசிக் கருவாட்டின் சொந்தக்காரன். அதனால் கடையில் "தாஷி இருக்கா?" என்று கேட்டே ஆகவேண்டும். ஆனால் இந்தப் பக்கத்து காகா தாமரைக்கிழங்கு இருக்கிறதே! பசை அதிகம். துருவி, மிளகாய் உப்புப் போட்டு மாவே இல்லாமல் வடை தட்டலாம். நீங்கள் துவரம்பருப்பும் பெருங்காயமும் கொண்டுவாருங்கள், கிழங்கு என் பொறுப்பு.