‘எக்ஸ்’ போட்டிருந்தால் வாங்கிவிடலாமா?

கேள்வி: சின்னதாக மஞ்சள் அரவை மில் வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் பழைய எஃப்.எல்.பி. (பிளேம்ப்ரூப்) மோட்டார் ஒன்று சல்லிசாக வருகிறது. தகட்டில் ‘எக்ஸ் டி டூ-பி டி4’ (Ex d IIB T4) என்று அடித்திருக்கிறது. ‘வெடிக்காத மோட்டார், கண்ணை மூடிக்கொண்டு எடுங்க’ என்கிறார் விற்பவர். எடுக்கலாமுங்களா?
- ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: வேண்டாமுங்க. மோட்டார் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் மில்லுக்கென்று செய்ததல்ல. ‘எக்ஸ்’ (Ex) என்பது வெடிப்பு அபாயமுள்ள இடத்துக்கானது என்ற பொதுக் குறிதான். தகட்டில் அந்த ‘பி’க்கு (B) முன்னால் ரோமன் எண்ணில் எத்தனை கோடு என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு கோடு என்றால் தின்னர், சால்வென்ட் மாதிரி ஆவி, வாயு கிளம்பும் இடத்துக்கு. மூன்று கோடு இருந்தால்தான் தீப்பிடித்து வெடிக்கக்கூடிய தூசிக்கு. அதிலும் ஏ என்பது ஸ்பின்னிங் மில் பஞ்சு போலப் பறக்கும் இழைக்கு, பி என்பது மஞ்சள், மாவு போல மின்சாரம் கடத்தாத தூளுக்கு, சி என்பது கடத்தும் உலோகப் பொடிக்கு. உங்களுக்கு மூன்று கோடு பி வேண்டும், சி கிடைத்தாலும் சரி.

எக்ஸுக்கு அடுத்த ‘டி’ (d) என்பது பிளேம்ப்ரூப். உள்ளே வாயு புகுந்து வெடித்தாலும் கூடு தாங்கிக்கொள்ளும், வெளியே வரப் பார்க்கும் நெருப்பு மூடிக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடுக்கிலேயே ஆறிவிடும். தூசி மோட்டாரில் கதையே வேறு, தூள் உள்ளே போகவும் கூடாது, மேல்பக்கம் அதிகம் சுடவும் கூடாது. கடைசியிலுள்ள டி4 (T4) என்றால் மேல்பக்கச் சூடு 135 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்று அர்த்தம்தான், ஆனால் உங்கள் மில்லில் அரை நாள் ஓடினாலே மோட்டார் மேலே சூடு ஆற்றும் ஃபின்களுக்கு நடுவில் மஞ்சள் தூள் அப்பி, கம்பளி போர்த்திய மாதிரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தூசிக்கான தகட்டில் டி4 என்று இருக்காது, ‘டி 125 டிகிரி’ என்பதுபோல அளவையே நேராக எழுதியிருப்பார்கள்.

பழைய மோட்டார் என்றால் எத்தனை தடவை காயில் கட்டினார்களோ, அதுவும் தெரியாது. ஒரு பட்டறையில் பார்த்தேன், தகட்டின் மேலேயே பச்சை பெயிண்ட், மூடியில் ஒரு போல்ட்டைக் காணோம், அந்த இடுக்கை எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள், கேட்டால் ‘தண்ணி போகாதுங்க’ என்றார் மேஸ்திரி!

புதிதாக வாங்கினாலும் சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் எண்ணின் கடைசியில் X என்ற ஒற்றை எழுத்து இருந்தால் தனி நிபந்தனை உண்டு, அதைப் படித்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். அப்புறம், சாயங்காலம் கம்ப்ரஷர் காற்றடித்துத் தூசி தட்டுகிற பழக்கம் இருந்தால் மோட்டார் வாங்கும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே நிறுத்துங்க, படிந்து கிடக்கிற தூளை மேகமாகக் கிளப்புவது அதுதான்.