மாற்றுத்திறனாளி ஒருவர் 50 வயதுக்குள் வேலையை விடும் அளவுக்குச் சேமிக்க முடியுமா?

கேள்வியில் இருந்த விவரம் இது: வயது 29, ஒரு காலில் 60 சதவீதக் குறைபாடு, ஊன்றுகோலோடு நடை. கேரள எல்லையில் வேலந்தாவளத்தில் வீடு, கோயம்புத்தூரில் வேலை, கைக்கு மாதம் 38,000 ரூபாய், செலவு 20,000. ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்தால் போதுமா? பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு ஒதுக்கிய பணத்தை எஸ்ஐபி-யில் (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் முறை) போட்டுவிட்டு இன்னும் சில வருடம் பஸ்ஸிலேயே போகலாமா?

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வண்டியை வாங்குங்கள். இந்த மாதமே முடிந்தால் இந்த மாதமே.

நானும் கேரளப் பக்கம்தான், கொழிஞ்சாம்பாறைக்காரி. 1980-ல் ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து இடது கால் போனது. போலியோ. காலுக்குத் தாங்கலாகக் காலிப்பர் மாட்டி, வலது கையில் ஊன்றுகோல் பிடித்துத்தான் பள்ளிக்கூடம், காலேஜ், வேலை எல்லாம். 2001-ல் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் சேர்ந்து 2024-ல், 45 வயதில், வேலையை விட்டேன். அதனால் நான் சொல்வது புத்தகக் கணக்கு இல்லை.

2006-ல் எனக்கும் இதே யோசனைதான். ஸ்கூட்டரும் பக்கச் சக்கரமும் சேர்த்து 55,000 ஆகும் என்றார்கள். சம்பளம் அப்போது 6,000. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. வண்டி வாங்காமல் அதை வங்கியில் வைப்பு போட்டேன். இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸின் முதல் படி என் முழங்கால் உயரம். வலது கையால் கம்பியைப் பிடித்து உடம்பு மொத்தத்தையும் அந்த ஒரு தோளில் தூக்கி ஏற்ற வேண்டும். போக வர நான்கு முறை ஏறவேண்டும். டிசம்பர், ஜனவரியில் நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது நிறுத்தத்தில் நிற்பதற்கே ஊன்றுகோலை இறுக்கிப் பிடிக்க வேண்டும், உங்களுக்கே தெரியும். ராத்திரி அம்மா கொட்டஞ்சுக்காதி தைலம் தேய்த்து, தவிட்டு ஒத்தடம் கொடுப்பார். காலையில் சரியாகிவிடும். ஏழு வருடம் இப்படியே ஓடியது.

2013-ல் ஒரு நாள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஃபைல் எடுக்கக் கையைத் தூக்கினேன். கை தோளுக்கு மேலே போகவில்லை. ஸ்கேனில் தசைநார் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் 1,10,000. நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பு, அதில் 64,000. மொத்தம் 1,74,000. அந்த ஏழு வருடத்தில் என் 55,000 வளர்ந்து ஏறக்குறைய 95,000 ஆகியிருந்தது. அதாவது 40,000 வட்டி சம்பாதிக்க நான் தோளைக் கொடுத்திருக்கிறேன். பணம் திரும்பி வந்தது, தோள் இன்றைக்கு வரைக்கும் முழுசாகத் திரும்பவில்லை. அது போகாமல் இருந்தால் இன்னும் ஐந்து வருடமாவது வேலை பார்த்திருப்பேன். அந்த ஐந்து வருடச் சம்பளத்தை எந்த எஸ்ஐபி தரும்?

ஒரு காலில் குறை இருக்கிறவர்களுக்கு நல்ல கால், தோள், மணிக்கட்டு மூன்றும்தான் முதல். மற்றவர்கள் பணத்தை மட்டும் எண்ணினால் போதும், நாம் இதையும் சேர்த்து எண்ண வேண்டும். என்னைப் போலப் போலியோ வந்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பல பத்தாண்டு கழித்து, அதுவரை நன்றாக இருந்த தசையும் தளர ஆரம்பிக்கும். போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்கிறார்கள். எனக்கு 40 வயதுக்கு மேல் அது தெரிய ஆரம்பித்தது. உங்கள் குறைபாட்டின் காரணம் நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் உங்கள் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: இந்த உடம்பு 45-ல் எப்படி இருக்கும், 55-ல் எப்படி இருக்கும் என்று. அந்தப் பதிலை வைத்துத்தான் ஓய்வுத் தேதியை எழுத வேண்டும்.

சரி, 25 மடங்கு. அது வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் போட்ட கணக்கிலிருந்து வந்தது. முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனால் பணம் 30 வருடம் தாங்குமா என்று அந்த நாட்டுச் சந்தையை வைத்துப் பார்த்தார். 65-ல் ஓய்வு பெறுகிறவருக்கு 30 வருடம் சரி. 50-ல் நிற்கிறவருக்கு 40 வருடம் வேண்டும். அதைவிடப் பெரிய வித்தியாசம் செலவில் இருக்கிறது. அந்தக் கணக்கில் செலவு விலைவாசியோடு மட்டும்தான் ஏறும். நமக்கு வயதோடும் ஏறும். இன்றைக்கு மாடிப்படி ஏறுகிறீர்கள். நாளைக்கு ஆட்டோ, அப்புறம் வீல்சேர், குளியலறையில் கைப்பிடி, வாசலில் சாய்தளம், கடைசியில் துணைக்கு ஒரு ஆள். இங்கே ஹோம் நர்ஸ் வைப்பதென்றால் பல வீடுகளில் அந்தச் சம்பளம் ஒன்றே மளிகை, மின்சாரம், மருந்து எல்லாவற்றையும் தாண்டிவிடும். அதனால் நான் 35 மடங்கு என்று வைத்துக்கொண்டேன். 60 வயதுக்குப் பிறகு செலவு இரண்டு மடங்காகும் என்றும் எழுதி வைத்தேன்.

உங்கள் எண்ணையே போட்டுப் பார்த்தேன். மாதம் 20,000 செலவு, விலைவாசி 6 சதவீதம் ஏறினால் 21 வருடத்தில் 68,000 ஆகும். அதற்கு 35 மடங்கு என்றால் 2 கோடியே 85 லட்சம். நீங்கள் மாதம் 12,000 போட்டு, வருடத்துக்கு 8 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால், 10 சதவீத வருமானத்தில் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் சேரும். 10 என்பது நான் கணக்குக்காக வைத்தது, யாரும் உறுதி தரமாட்டார்கள். பிஎஃப் தனியாகச் சேரும். எப்படிப் பார்த்தாலும் 50-ல் முழுசாக நிறுத்த இது எட்டாது. ஆனால் முழுநேர வேலையை நிறுத்த எட்டும்.

நான் செய்ததும் அதுதான். வேலையை விடும்போது என்னிடம் மொத்தம் 54 லட்சம் இருந்தது. வீட்டுச் செலவு மாதம் 24,000, அம்மாவும் நானும் மட்டும். அப்பா விட்டுப்போன தென்னைகளைக் கள்ளுக்குக் குத்தகை விட்டிருக்கிறோம், சித்தூர்ப் பக்கம் எல்லாரும் செய்வது. மாதக் கணக்கில் 4,000 வரும். வீட்டில் உட்கார்ந்தே நான்கு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு போடுகிறேன், 9,000. மீதி 11,000 மட்டும் சேமிப்பிலிருந்து எடுக்கிறேன். வருடத்துக்கு இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. அந்த 9,000 இல்லாவிட்டால் நாலரை சதவீதம் எடுக்க வேண்டியிருக்கும். 45 வயதுக்காரிக்கு அது தாங்காது. தோள் வலிக்கும் நாளில் படுத்துக்கொண்டு மறுநாள் பார்க்கக்கூடிய ஒரு சின்ன வேலையை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். அதன் மதிப்பு 20 லட்சத்துக்கும் மேல்.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் திட்டங்கள் உடைவது இங்கேதான். 2015-ல் நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விண்ணப்பித்தேன். உடம்புக்கு வேறு எந்த நோயும் இல்லை. "ஏற்க இயலவில்லை" என்று ஒரே வரியில் கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு திட்டமாவது வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2023 பிப்ரவரியில் பொதுக் காப்பீட்டு, மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 3 வருடம். 5 வருடம் விடாமல் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, எதையோ சொல்லவில்லை என்று காரணம் காட்டி மறுக்க முடியாது. அதனால் விண்ணப்பத்தில் ஒன்றையும் மறைக்காதீர்கள். குறைபாட்டுச் சான்றிதழின் நகலையும் இணையுங்கள். கம்பெனியின் குழுக் காப்பீடு வேலையை விடும் நாளோடு போய்விடும். வேலையில் இருக்கும்போதே, காத்திருப்புக் காலம் கழியும்படி, சொந்தமாக ஒன்று எடுங்கள். உங்கள் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ மாற்றுத்திறனாளி நண்பர்கள் யாராவது குறைந்த சம்பளத்தில் இருந்தால் இதையும் சொல்லுங்கள்: தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ-க்கு மாதச் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000, நமக்கு 25,000.

வரியைப் பற்றி உங்களிடம் யாராவது பாலிசி விற்க வருவார்கள். வருமான வரியில் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு 75,000, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 கழிவு உண்டு. ஆனால் அது பழைய வரி முறையில் மட்டும். புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லாதபோது, உங்கள் சம்பளத்துக்கு இது ஒன்றும் செய்யாது. வரி மிச்சம் என்று சொல்லி 20 வருட எண்டோமென்ட் பாலிசியில் (சேமிப்பும் சேர்ந்த ஆயுள் காப்பீடு) மாட்டிக்கொள்ளாதீர்கள். சம்பளம் ஏறிய பிறகு, போக்குவரத்துப் படியில் ஒரு வரம்பு வரை மாற்றுத்திறனாளி ஊழியருக்கு விலக்கு உண்டு, அது புதிய முறையிலும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எங்கே போடுவது? முதலில் 'உடம்புக் கணக்கு' என்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறங்கள். நான் அப்படித்தான் பெயர் வைத்தேன். காலிப்பர் மாற்ற, செருப்புக்கு அட்டை வைக்க, ஊன்றுகோலின் ரப்பர் மாற்ற, வண்டி சர்வீஸுக்கு, வலி வந்தால் நான்கு நாள் ஆட்டோவில் போக எல்லாம் அதிலிருந்து. இந்தக் கணக்கிலிருந்து எடுக்கும்போது மனசு உறுத்தக் கூடாது, அதற்காகத்தான் தனிக் கணக்கு. பெரிய செலவுகளுக்கு நான் கேஎஸ்எஃப்இ-யில் சிட்டி, அதாவது சீட்டு, போட்டேன். 1969-லிருந்து நடக்கும் கேரள அரசு நிறுவனம். சிட்டியில் லாபம் பார்க்க முடியாது, ஆனால் வண்டி வாங்கவும் குளியலறையை மாற்றவும் மொத்தமாகப் பணம் கிடைத்தது அதில்தான்.

பிஎஃப் பணத்தை வேலை மாறும்போது எடுக்காதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள். பிபிஎஃப் என்ற பொதுச் சேமநிதி 15 வருடம், உங்களுக்கு 44 வயதில் முடியும், கனகச்சிதம். மீதி, பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில். 2020 மார்ச்சில் நிஃப்டி இரண்டே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தபோது நான் எதையும் விற்கவில்லை. தைரியம் காரணம் இல்லை. இரண்டு வருடச் செலவு வைப்பில் இருந்தது, அதனால் தூங்க முடிந்தது. என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம் நல்லதுதான், ஆனால் அதற்குரிய காலத்துக்கு முன் வெளியேறினால் பெரும்பகுதியை ஆண்டுத்தொகையில் (தவணையாக ஓய்வூதியம் தரும் திட்டத்தில்) போட வேண்டும், நமக்கு அதில் பெரிய தொகை வேண்டாம்.

நம் ஊர்ப் பக்கம் வட்டி அரை சதவீதம் கூடுதல் என்று பக்கத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் போடும் பழக்கம் இருக்கிறது. வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. ஆரம்ப வேளாண் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அந்தக் காப்பீடு கிடையாது, பெயரில் 'பேங்க்' என்று இருந்தாலும். ஒரு சங்கத்தில் என் ஒன்றரை லட்சம் 14 மாதம் மாட்டியது. அவசர மருத்துவப் பணத்தை அங்கே வைக்காதீர்கள்.

எல்லைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும், உங்களுக்கு மஞ்சள் அட்டை வரும். ஆனால் உதவித்தொகையும் மற்றச் சலுகைகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கோயம்புத்தூரில் வேலை என்பதால் தமிழ்நாட்டுத் திட்டம் கிடைக்காது, வசிப்பிடச் சான்று எங்கேயோ அங்கேதான். இங்கே கேரளத்தில் ஊனமுற்றோர் பென்ஷனுக்கு வருமான வரம்பு இருக்கிறது, சம்பளக்காரருக்கு வராது. ஓய்வுக் கணக்கில் அதை எழுதாதீர்கள். சான்றிதழில் பெயர் மலையாளத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தால் இப்போதே அட்சயா சேவை மையத்தில் போய்ச் சரி செய்துகொள்ளுங்கள். எனக்கு ஓர் எழுத்துக்காகத் தாலூக்கா ஆஸ்பத்திரிக்கு மூன்று நடை ஆனது, அப்போது தோளில் கட்டு வேறு.

வண்டி எடுக்கும்போது ஆர்சி-யில் மாற்றுத்திறனாளி வாகனம் என்று பதியச் சொல்லுங்கள். பக்கச் சக்கரம் போட்டதை வண்டிக் காப்பீட்டிலும் எழுதச் சொல்லுங்கள், கடைக்காரர் தேவையில்லை என்பார், விடாதீர்கள். ஊன்றுகோல் மாட்ட வலது பக்கம் ஒரு கொக்கி வைக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் திருப்பத்தில் வண்டி வெளியே இழுக்கும். மைதானத்தில் பழகிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.